விழுங்கத் தேவையில்லை

நான் பொய் சொன்னேன். ஒரே சொல். "தேவையில்லை."

பீரில் உள்ள குறையைக் கண்டுபிடிக்க அதை விழுங்கித்தான் ஆக வேண்டுமா என்று மேனேஜர் கேட்டார். தேவையில்லை என்றேன். அந்தச் சொல்லால் பிலோமினாவின் வேலை போயிற்று. என் வேலை நிலைத்தது.

பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போகும் காரணங்களைப் படித்துவிட்டு, பாவம், அந்த நேரத்தில் குழம்பிப்போயிருப்பாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான் குழம்பவில்லை. என் மூச்சுகூடச் சீராகத்தான் இருந்தது.

நான் வேலை செய்வது ஒரு சிறிய கம்பெனியில். மலேசியாவில், கேமரன் மலை ஹோட்டல்களுக்கு ஐரோப்பாவிலிருந்து லாகர் பீர் இறக்கிக் கொடுக்கிறோம். தானா ராத்தாவில் ஒரு பழைய பங்களா. பின்பக்கம் குளிர் அறை, முன்பக்கம் சுவை அறை. கப்பலில் வந்த ஒவ்வொரு சரக்கிலிருந்தும் மாதிரி எடுத்துச் சுவைத்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று எழுத வேண்டும். அதைச் செய்ய இரண்டே பேர் இருந்தோம். நானும் பிலோமினாவும்.

லாகர், மறைத்துக்கொள்ள எதுவும் இல்லாத பீர். வெளிர்மஞ்சள் நிறம், லேசான கசப்பு, சுத்தமான முடிவு, அவ்வளவுதான். மற்ற பீர்களில் வறுத்த வாசனையோ பழ வாசனையோ குறையை மூடிவிடும். லாகரில் ஒரு சிறு தப்பும் வெள்ளைச் சட்டையில் விழுந்த குழம்பு போலத் தெரியும்.

தெரிய வேண்டிய குறைகளுக்கு ஒரு வரிசை உண்டு. வேகவைத்த சோளம். வெண்ணெய். பச்சை ஆப்பிள். அழுகிய முட்டை, இதில் துளியூண்டு இருந்தால் சில லாகர்களில் மன்னித்துவிடலாம். வெளிச்சம் பட்டுக் கெட்ட பச்சைப் புட்டி. பிறகு, நனைந்த அட்டை.

சோளம் எங்களுக்குச் சிரமமே இல்லை. பிரிஞ்சாங் போகும் வழியெல்லாம் அவித்த சோளம் விற்கிறார்கள். வெண்ணெய்க்கு மார்ஜரின் டின்னைத் திறந்து வைத்துப் பழகினோம். வெளிச்சம் பட்ட பீருக்குப் பாடப்புத்தகம் நாற்றத்துக்குப் பேர்போன ஒரு அமெரிக்க விலங்கின் பெயரைச் சொன்னது. அதை நாங்கள் இருவரும் கண்டதுமில்லை, மோந்ததுமில்லை. பிலோமினா ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, "பெத்தாய்க் கொட்டை தின்ன மறுநாள் பாத்ரூம்," என்றாள். இங்கே சம்பலில் போட்டுச் சமைக்கும் நாற்றக் கொட்டை அது. அதற்குப் பிறகு நான் அந்தக் குறையைத் தவறவிட்டதே இல்லை.

கடைசியில் சொன்ன நனைந்த அட்டைதான் விஷயம்.

இறக்குமதி பீருக்கு வரும் பெரிய நோய் அது. கப்பலில் வெப்பம், துறைமுகத்தில் காத்திருப்பு, புட்டிக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்று... பீர் பழசாகும்போது காகிதச் சுவை வரும். ஹோட்டலில் குடிப்பவர் அதை என்னவென்று சொல்லமாட்டார். பாதிக் கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த முறை வேறு பீர் கேட்பார்.

எங்கள் ஊரில் எல்லாமே நனைந்த அட்டைதான்! திரிங்காப்பிலிருந்து வரும் லாரிகளில் காய்கறிப் பெட்டிகள் மழையில் ஊறிக்கிடக்கும். துணி அலமாரி, பள்ளிப் புத்தகம், தலையணை எல்லாவற்றிலும் அதே வாடை. பிறந்ததிலிருந்து சுவாசிக்கும் வாடையை மூக்கு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

விழுங்கினால் தெரியும். விழுங்கிவிட்டு வாயை மூடி மூச்சை விடும்போது, தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற காற்றில் பீர் மட்டும் இருக்கும். அங்கே ஊர் இல்லை, மழை இல்லை, அலமாரி இல்லை. அட்டை தனியாக வந்து நிற்கும்.

பீர் சுவைப்பவர்கள் உலகமெங்கும் விழுங்குகிறார்கள். கசப்பு எப்படி முடிகிறது, வாயில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதெல்லாம் விழுங்கினால்தான் சரியாகத் தெரியும். இதை நான் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் நான் துப்பினேன்.

காரணம் தேயிலை. நானும் பிலோமினாவும் தோட்டத்துப் பிள்ளைகள். கல்லூரியில் ஒரே வகுப்பில் உணவுத் தொழில்நுட்பம் படித்தோம். திரும்பி வந்ததும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சுவைக்கப் பழகினோம். நீள மேசை, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், பக்கத்தில் வாளி. கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும், நாக்கில் சுழற்ற வேண்டும், துப்ப வேண்டும். ஒருவர் பின் ஒருவராக அதே கோப்பைகளைக் கடந்து நடக்க வேண்டும். தேயிலைக்கு அது போதும். வாய் அதற்குப் பழகிவிட்டது.

இந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது மேனேஜர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நேரில் வந்தார். சேகர் சார் என்று கூப்பிடுவோம். அவரும் தோட்டத்தில் பிறந்தவர். எங்கே என்ன பேச்சு கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, பயப்படாதீங்க. வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவாங்க. தேயிலை மாதிரிதான். ஒரு சொட்டு உள்ள போகாது. நான் பொறுப்பு."

அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறார். என் மாமா, அவருடைய ஒரே தம்பி, சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துச் செத்தவர். அம்மா மேனேஜரிடம் சரி என்றார். அவர் போனபின் என்னிடம் சொன்னார்.

"நாக்கோட நிறுத்திக்க. தொண்டைக்குக் கீழ எறங்குச்சுன்னு தெரிஞ்சுச்சு, அப்புறம் எம் மொகத்துல முழிக்காத."

எங்கள் அறையின் விதி இப்படித்தான் பிறந்தது. பீரைப் பற்றித் தெரிந்த யாரும் அதை எழுதவில்லை. இரண்டு தாய்மாரைச் சமாதானப்படுத்த ஒரு மேனேஜர் கொடுத்த வாக்கு, விதியாகிவிட்டது.

பிலோமினா முதல் வாரமே அதை மீறினாள். ஒளித்துச் செய்யவில்லை, என் எதிரிலேயே விழுங்கினாள்.

"அடியே தாரணி, இது தேத்தண்ணி இல்லடி. துப்பிட்டா வாளிக்குத்தான் ருசி தெரியும், உனக்கு எப்படித் தெரியும்?"

"சார் சொல்லியிருக்காரு."

"சார் வந்து மோந்து பாப்பாரா? போ லா! நம்ம ரெண்டு பேரும் படிச்சதுதானே? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கிளாஸுக்குப் போனாள். "சரி, நீ துப்பு. எங்க வீட்டுல நான் பேசிக்கிறேன்," என்றாள். அவள் வீட்டில் ஒருபோதும் பேசவில்லை என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

என் பக்கத்தை நான் அழகாக்கக் கூடாது. வாக்கைக் காப்பாற்றிய பெண் என்று நீங்கள் என்னைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்; அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. துப்பியபடியே நான் எப்படி நனைந்த அட்டையைக் கண்டுபிடித்தேன்?

பிலோமினாவின் முகத்திலிருந்து.

பீர் சுவைக்கும்போது ஆளுக்கொரு மூலையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் உட்கார வேண்டும். நாங்கள் தேயிலை வழக்கத்தையே கொண்டுவந்துவிட்டோம். நீள மேசையைச் சுற்றி ஒரே திசையில் நடந்தோம். அவள் எப்போதும் ஒரு கிளாஸ் முன்னால் இருப்பாள். விழுங்குவாள், கண்ணை மூடுவாள், மூக்கால் மூச்சை விடுவாள். அட்டை இருந்தால் அவள் நாக்கு மேல்பல் வரிசையை ஒரு முறை துடைக்கும். அது அவளுக்கே தெரியாது. நான் அதைப் பார்த்துவிட்டு அவள் வைத்த கிளாஸ் இருந்த இடத்துக்குப் போவேன். உறிஞ்சுவேன், துப்புவேன், "அட்டை" என்று எழுதுவேன்.

எங்கள் இருவர் முடிவும் எப்போதும் ஒத்துப்போனது. மேனேஜருக்கு அதில் பெருமை. "ரெண்டு மூக்கும் ஒரே மூக்கு!" என்பார்.

ஒரே மூக்குதான், சார். அது என்னுடையதில்லை.

வெட்கமாக இருந்ததா? அப்போது இல்லை. நான் அதை ஒரு வேலைமுறை என்றே வைத்திருந்தேன். கருவியைப் பார்த்து அளவைக் குறிப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்துக் குறித்தேன். தோழியைக் கருவியாக்கியவள் என்று இப்போது எழுத வருகிறது... அப்போது அந்த வார்த்தை என்னிடம் இல்லை.

பிறகு அந்த மழைநாள் வந்தது.

மதியம் சோதனை முடிந்தது. பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலிலிருந்து காலிப் பீப்பாய்களை எடுத்துவர வேண்டியிருந்தது. எனக்கு லைசென்ஸ் இல்லை. பிலோமினாதான் வேனை ஓட்டிப் போனாள். வளைவில் முட்டைக்கோஸ் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தபடி ரோட்டின் நடுவுக்கு வந்துவிட்டது. வேனின் பக்கக் கண்ணாடி நொறுங்கியது. யாருக்கும் அடியில்லை. தப்பு லாரியுடையது, அதை லாரிக்காரனே கொஞ்ச நேரம் ஒத்துக்கொண்டான். பிலோமினா ஜன்னல் கண்ணாடியை இறக்கி அவனைத் திட்டத் தொடங்கும்வரை.

"பீர் வாட அடிக்குதுய்யா! பொம்பள தண்ணியப் போட்டுட்டு வேன் ஓட்டுது!" என்று அவன் கத்தினானாம்.

இவள் விடுவாளா? "அண்ணே, ஒங்க அழுகின கோசு நாத்தத்துக்கு எம் பீரு வாட எவ்வளவோ தேவலாம்!" என்றிருக்கிறாள். நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் போலீஸுக்கு ஃபோன் போட்டான்.

போலீஸ் ஊதச் சொன்னது. ஊதினாள். அளவு சட்டத்துக்கு உட்பட்டு, மிகக் குறைவாக இருந்தது. அவள் அன்று விழுங்கியது எல்லாம் சேர்ந்தாலும் அரைக் கிளாஸ் தேறாது. போலீஸ் அவளை அனுப்பிவிட்டது. என்னிடம் இதையெல்லாம் நடித்துக் காட்டிச் சிரித்தாள். அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. லாரிக்காரன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். பேச்சு தோட்டத்துக்கு வந்தது. பிலோமினா வீட்டார் போகும் சர்ச்சுக்கும் வந்தது. ஈப்போவில் இருக்கும் எங்கள் முதலாளி, தவுக்கே, காதுக்கும் எட்டியது. பீர் இறக்கும் லைசென்ஸுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். மேனேஜரைக் கூப்பிட்டு ஒரே ஒரு விளக்கம் கேட்டார்: அந்தப் பெண் குடித்தது வேலைக்காகவா, ஆசைக்காகவா?

மறுநாள் காலை மேனேஜர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"உக்காரும்மா. நீயும் அதே வேலதான் செய்யற. நேரா ஒரு பதில் சொல்லு. இந்த வேலைக்கு முழுங்கித்தான் ஆகணுமா?"

அவர் கெட்டவர் இல்லை. நான் ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்போது குறை அவருடைய விதியில்தான். தவுக்கேயிடம் போய், நான் போட்ட விதி தப்பு, அந்தப் பெண் செய்ததுதான் சரி என்று சொல்வார். அம்மாக்களிடம் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவார். சோதனை நாளில் யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்று ஒரு புது விதி வரும். பிலோமினா அடுத்த வாரம் வழக்கம்போல எனக்கு ஒரு கிளாஸ் முன்னால் நடப்பாள்.

இவ்வளவும் எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்த நொடியில் தெரிந்தது. அடுத்து வரும் கேள்வியும் தெரிந்தது. அப்படியானால் நீ மட்டும் இவ்வளவு நாளாக எப்படித் துப்பிக்கொண்டே கண்டுபிடித்தாய்?

"தேவையில்லை, சார்," என்றேன்.

"நீ முழுங்குறதில்லையே?"

"இல்ல, சார்."

இந்த இரண்டாவது பதில் உண்மை. முதல் பொய்யைத் தூக்கி நிறுத்தியது அந்த உண்மைதான்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப அந்தப் பொண்ணு சும்மா குடிச்சிருக்கு," என்றார். கேள்வி மாதிரி இல்லை. வெளியே யாரோ காலிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்கள். அது சுவரில் இடித்து நின்றதும் எழுந்து சுவை அறைக்குத் திரும்பினேன்.

அன்று மாலையே அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் பயம். என் வேலை. மேனேஜரின் மானம். எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் அடியில் ஒன்று கிடக்கிறது. எனக்குச் சுவைக்கத் தெரியாது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. வேறு எதுவுமில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பை நான் இதற்காகத்தான் எடுத்தேன். இவ்வளவு சிறிய ஒன்றுக்காக!

பிலோமினா தன் ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "ஒன்னக் கூப்பிட்டுக் கேட்டாரா?"

"இல்ல," என்றேன். இது இரண்டாவது பொய்.

"அதான் பாத்தேன். ஒன்னக் கேட்டிருந்தா நான் ஏன் வெளிய போறேன்? நீதான் புத்தகம் புத்தகமா எடுத்துக் காட்டியிருப்பியே!"

அழவில்லை அவள். போகும்போது வாளியைக் காலால் தட்டி, "இந்தா, ஒன் கூட்டாளி. நல்லாப் பாத்துக்க," என்றாள். சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். நான் சிரித்தேன்.

அடுத்த சரக்கை நான் தனியாகச் சுவைத்தேன். மேசை நீளமாக இருந்தது. முன்னால் யாரும் நடக்கவில்லை. எல்லாக் கிளாஸும் எனக்கு ஒரே மாதிரி இருந்தன. எல்லாவற்றுக்கும் "போகலாம்" எழுதினேன். பத்து நாளில் பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்று ஒரு முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பியது. "பழைய பெட்டிய ஊறவச்சுக் குடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்றாங்கம்மா," என்று மேனேஜர் சொன்னார். ஒரு தடவைதானே, பரவாயில்லை என்றும் சொன்னார்.

அதற்கு அடுத்த சோதனையில் நான் விழுங்கினேன்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு விழுங்கினேன். குளிர்ச்சி மார்பு வரை இறங்குவது தெரிந்தது. வாயை மூடி, மூக்கால் மூச்சை விட்டேன். ஏதாவது பெரிதாக வரும் என்று எதிர்பார்த்தேன்... அம்மாவின் முகம், மாமாவின் முகம், குற்ற உணர்வு. எதுவும் வரவில்லை. அட்டை வந்தது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு எளிதாக! யாராலும் முடிகிற ஒன்று. நானும் முதல் நாளிலிருந்தே செய்திருக்கக்கூடிய ஒன்று.

என் நாக்கு மேல்பல்லைத் துடைத்ததை உணர்ந்தேன். கையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனையிலும் விழுங்குகிறேன். முடிந்ததும் வாடை தெரியாமலிருக்க ஒரு கிராம்பை மெல்கிறேன். வாளியில் கொஞ்சம் பீரை ஊற்றி வைக்கிறேன், பார்ப்பவர்களுக்காக. அதற்குப் பிறகு ஒரு சரக்கும் திரும்பி வந்ததில்லை. மேனேஜர் வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்கிறார், "இந்தப் பொண்ணு ஒரு சொட்டு முழுங்காம கண்டுபிடிக்குது, பாருங்க!" என் அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்தில் மற்ற பெண்களிடம் சொல்கிறார், தன் மகள் துப்பியே பேரெடுத்தவள் என்று. அதோடு நிறுத்துவதில்லை. "அந்தப் பிலோமினா புள்ள மாதிரி இல்ல," என்றும் சேர்த்துக்கொள்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

பிலோமினா இப்போது திரிங்காப்பில் ஒரு பூப்பண்ணையில் இருக்கிறாள். ரோஜாக்களைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறாள். சர்ச்சில் பாடுகிற குழுவிலிருந்து கொஞ்ச நாளைக்கு விலகியிருக்கச் சொன்னார்களாம். குடித்ததால் வேலை போன பெண் என்ற பேச்சு இன்னும் அடங்கவில்லை.

போன மாதம் தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடைக்கு என்னை வரச் சொன்னாள். ரொட்டி சானாய் வாங்கி, பாதியைப் பிய்த்து என் தட்டில் போட்டாள். முகம் முழுவதும் சிரிப்பு.

கோலாலம்பூரில் லாகர் காய்ச்சும் ஒரு கம்பெனி, சுவைப்பதற்கு ஆள் தேடுகிறதாம். போய்ச் சோதனை கொடுத்திருக்கிறாள். குறைகளின் வரிசையில் ஒன்றையும் விடவில்லையாம்.

"அட்டைய முன்னாடியே சொல்லிட்டேன்டி, அவங்க கேக்குறதுக்கு முன்னாடி! சோதன வச்ச அந்தம்மா அப்படியே பாத்துச்சு என்னைய."

"அப்புறம்?"

"முந்தின வேலைய ஏன் விட்டேன்னு கேட்டாங்க. நெசத்தச் சொன்னேன். முழுங்கினதுக்குத் துரத்திட்டாங்கன்னு. அந்தம்மாவுக்குப் புரியல. யாராச்சும் அங்க வேல செய்யறவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னாங்க. சேகர் சார் நம்பர் குடுப்பேனா? ஒன் நம்பரக் குடுத்தேன்."

நான் ரொட்டியைக் குழம்பில் தொட்டேன்.

"ஒண்ணும் பெருசா வேணாம் லா," என்றாள். "முழுங்குறது வேலையில ஒரு பகுதின்னு மட்டும் சொல்லிடு. ஒனக்குத் தெரிஞ்சதுதானே? பூவச் சுத்திச் சுத்திக் கையெல்லாம் முள்ளு. இந்த ஊர விட்டுப் போயிட்டா போதும் எனக்கு."

"சொல்றேன்," என்றேன்.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண் அழைத்தார். நான் சுவை அறையில் இருந்தேன். கிளாஸ்கள் வரிசையாக முன்னால் இருந்தன. நிதானமான குரல். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். எங்கள் ஆட்கள் எல்லோரும் விழுங்குகிறார்கள், எங்கும் அப்படித்தானே, உங்கள் இடத்தில் மட்டும் ஏன் அது குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை என்றார். பிறகு கேட்டார்: "நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? நீங்களும் விழுங்குவதில்லையா?"

அவர் கேட்டது வேலையைப் பற்றி. மரியாதையாகத்தான் கேட்டார். ஆமாம், விழுங்குகிறேன் என்று சொன்னால் போதும். பிலோமினாவுக்கு வேலை கிடைத்துவிடும். ஆனால் இந்தத் தொழிலில் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அவர் யாரிடமாவது ஆச்சரியமாகச் சொல்வார். அது தவுக்கேயிடம் வரும், மேனேஜரிடம் வரும், கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் வரும்.

விழுங்குவதில்லை என்று சொன்னால்? அவர் சிரித்துவிடுவார். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"ஹலோ?" என்றார்.

"நான் பஸ்ஸில் இருக்கிறேன். மலைப்பாதை, சரியாகக் கேட்கவில்லை," என்று சொல்லித் துண்டித்தேன்.

மாலையில் மறுபடி அழைத்தார். மறுநாளும் அழைத்தார். ஃபோன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அழைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பிலோமினாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்களா என்று கேட்டிருந்தாள்.

"இன்னும் இல்ல," என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "சரி லா. எப்ப கூப்பிட்டாலும் நீ பாத்துக்குவே. எனக்கு அது போதும்."

இதுவரைதான். மறைத்தது எதுவும் மிச்சமில்லை. சொல்லி முடித்தால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. ஏன் என்றும் எனக்குத் தெரிகிறது. உங்களிடம் சொல்வதால் என்னிடமிருந்து எதுவும் போகாது. நீங்கள் என் அம்மாவைப் பார்க்கப் போவதில்லை. எங்கள் மேனேஜரின் கதவைத் தட்டப் போவதில்லை. அதனால்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தப் பெண்ணின் எண் என் ஃபோனில் இருக்கிறது. பிலோமினாவின் எண்ணும் இருக்கிறது. இரண்டில் எதை அழுத்தினாலும், என் பேரோ என் தோழியோ, எனக்குப் போவது போகும்.

இரண்டையும் விட்டுவிட்டு, இவ்வளவு நேரமும் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.